கம்போங் மேடானிலிருந்து ஒரு மானிய விண்ணப்பம்

பெட்டாலிங் ஜெயாவின் தெற்கு ஓரத்தில், பழைய கிள்ளான் சாலையை ஒட்டி இருக்கிறது கம்போங் மேடான். அந்தப் பெயரைக் கேட்டதும் மலேசியத் தமிழருக்கு நினைவு வருவது 2001 மார்ச். அந்த மாதம் 8ஆம் தேதி வெடித்த வன்முறையில் ஆறு பேர் இறந்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வேலையும் வீடும் ஒருசேரப் போனபின், நகரத்தின் புறம்போக்கு நிலங்களில் பலகை வீடு கட்டிக் குடியேறிய குடும்பங்கள் அந்த வட்டாரத்தில் நிறைய. கா. ஆறுமுகம் அந்தச் சம்பவத்தைப் பற்றி எழுதிய 'மார்ச் 8' நூல் பின்னர் தடை செய்யப்பட்டது.

சம்பவத்துக்குப் பிறகு அங்கே வராதவர் இல்லை. அமைச்சர்கள் வந்தார்கள். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேள்வித்தாளோடு வந்தார்கள். பொது இயக்கங்கள் டியூஷன் வகுப்பு, தலைமைத்துவ முகாம், தையல் பயிற்சி என்று வந்தன. சில நிலைத்தன, பல ஒரே ஆண்டில் நின்றுபோயின. பலகை வீடுகள் போய் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. வருமானமும் பள்ளிப் படிப்பும் வேலையும் பற்றிய கவலைகள் மாடி ஏறிக் கூடவே வந்திருக்கின்றன. இடையில் இந்திய சமுதாயத்துக்கென்று அரசு ஒதுக்கிய பணம் கோடிக்கணக்கில் ஏறியது. பெருநிறுவனங்களின் அறவாரியங்கள் பெருகின. ஆனாலும் இந்த அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் மாலை வகுப்பு நடத்தும் ஒரு சின்ன இயக்கத்துக்கு அந்தப் பணத்தில் ஒரு பங்கு வந்து சேருவது இன்னும் அரிதாகவே இருக்கிறது. ஏன்?

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: அரசியல் பலம் வேண்டும், நல்ல ஆங்கிலம் வேண்டும். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் விண்ணப்பங்களின் வரலாற்றையும் அவற்றை மதிப்பிடும் முறையையும் சேர்த்துப் பார்க்கும்போது மூன்றாவதாக ஒன்று தெரிகிறது. அதுதான் பெரியது என்பது என் முடிவு. நம் இயக்கங்கள் செய்த வேலைக்குப் பதிவேடு வைப்பதில்லை. பதிவேடு இல்லாத இயக்கத்தின் விண்ணப்பத்தை எந்தப் புலவர் எழுதினாலும் அதில் சாரம் இருக்காது.

நம்மிடம் பணம் திரட்டும் மரபு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1950களில் தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி இயக்கம் நடத்தியபோது, தொழிலாளிகள் ஆளுக்கு ஒரு வெள்ளியாகக் கொடுத்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் வேர்கொள்ள அந்த இயக்கம் துணைநின்றது. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்களையே வாங்கியது. கோயில் உபயமும் திருவிழா வசூலும் இன்றும் தடையின்றி நடக்கின்றன. இவை எல்லாவற்றிலும் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். பல்கலைக்கழகத் துறையோ தோட்டமோ கோபுரமோ, கொடுத்தவர் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். திட்டப்பத்திரம் எழுதத் தேவையே இருக்கவில்லை.

இன்னொரு மரபும் உண்டு. அது அவ்வளவு பெருமைக்குரியதல்ல. தோட்டத்தில் மானேஜரிடமும், பிறகு தொகுதி ஒய்.பி. என்னும் மக்கள் பிரதிநிதியிடமும் மனுக் கொடுத்துப் பழகிய மரபு. மனுவில் நம் கஷ்டத்தைச் சொல்லுவோம், அவருடைய கருணையைப் புகழுவோம், ஒரு தொகையைக் கேட்போம். அவர் மனமிரங்கினால் மேடையில் ஆளுயர மாதிரிக் காசோலை, மறுநாள் நாளிதழில் படம். பணம் எதற்குச் செலவானது, என்ன மாறியது என்று அவரும் கேட்கமாட்டார், நாமும் சொல்லமாட்டோம். இன்றும் பல இயக்கங்கள் அனுப்பும் 'கெர்தாஸ் கெர்ஜா' என்னும் திட்டப்பத்திரம், மலாய் மொழியில் எழுதப்பட்ட பழைய மனுதான். முதல் மூன்று பக்கம் சமுதாயத்தின் அவலம், நான்காவது பக்கத்தில் தலைவர் படம், ஐந்தாவது பக்கத்தில் ஒரு மொத்தத் தொகை.

அரசுப் பணம் வரும் வழி 2010க்குப் பிறகு மாறத் தொடங்கியது. பிரதமர் துறையின் கீழ் செடிக் என்ற சமூகப் பொருளாதார மேம்பாட்டுப் பிரிவு 2014இல் வந்தது, பேராசிரியர் என்.எஸ். இராஜேந்திரன் அதற்குத் தலைமை தாங்கினார். மலேசிய இந்தியர் பெருந்திட்டம் 2017 ஏப்ரலில் வெளியிடப்பட்டது. 2018 ஆட்சி மாற்றத்துக்குப் பின் செடிக் மித்ரா ஆனது. 2019 வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. பொது இயக்கங்கள் திட்டம் எழுதிக் கொடுத்து மானியம் பெறும் முறை நம் சமுதாயத்தில் பரவலானது இந்தக் காலத்தில்தான்.

கூடவே நோயும் வந்தது. 2021 இறுதியில் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம் மித்ரா மானியம் பெற்ற சில நிறுவனங்களையும் அமைப்புகளையும் விசாரித்துப் பலரைக் கைது செய்தது. மித்ராவே பிரதமர் துறைக்கும் ஒருமைப்பாட்டு அமைச்சுக்கும் இடையே ஒன்றுக்கு மேற்பட்ட முறை கைமாறியது. பிறகு, இயக்கங்கள் வழியாகக் கொடுப்பதைவிட மாணவருக்கும் நோயாளிக்கும் நேரடியாகக் கொடுப்பது மேல் என்ற எண்ணம் வலுத்தது. பாலர் பள்ளிக் கட்டணம், பல்கலைக்கழக மாணவர் உதவி, டயாலிசிஸ் கட்டண உதவி என்று பணம் அந்தப் பக்கம் திரும்பியது. நேரடி உதவியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மாலை வகுப்பை நடத்தவும், பள்ளியை விட்டு நின்ற பையனைத் தேடிப் போய்ப் பேசவும் ஓர் அமைப்புதான் வேண்டும். சிலர் செய்த முறைகேட்டுக்கான அபராதத்தை நேர்மையான சின்ன இயக்கங்கள் கட்டிக்கொண்டிருக்கின்றன. இன்றைக்கு மதிப்பீட்டாளர் ஒரு தமிழ் இயக்கத்தின் கோப்பைத் திறக்கும்போதே ஒரு சந்தேகத்தோடுதான் திறக்கிறார். இதை ஏற்றுக்கொண்டுதான் எழுத உட்கார வேண்டும்.

கதவு மித்ரா ஒன்று மட்டுமல்ல. கசானா நேஷனலின் அறவாரியமான யயாசான் ஹசானா, கல்வி, சமூக மேம்பாடு, சுற்றுச்சூழல் போன்ற துறைகளில் மானியம் தருகிறது. வங்கிகளும் தோட்ட நிறுவனங்களும் தனித்தனி அறவாரியம் வைத்திருக்கின்றன. மாநில அரசு இருக்கிறது. ஐ.நா. மேம்பாட்டுத் திட்டம் நடத்தும் உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம் 1992 முதல் உலகெங்கும் நடக்கிறது, மலேசியாவிலும் உண்டு. தூதரகங்கள் சிறு தொகைகள் தருகின்றன. டெக்குன், அமானா இக்தியார் ஆகிய சிறுகடன் அமைப்புகள் கொடுப்பது கடன். அதையும் மானியம் என்று எண்ணிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எழுதுவதற்கு முன்பே தோற்றுப்போகிறவை

மானியம் தரும் நிறுவனங்கள் முதல் சுற்றில் கட்டுரையைப் படிப்பதில்லை. இணைப்புகளைப் பார்க்கின்றன. பதிவுச் சான்றிதழ், அமைப்புச் சட்டவிதி, செயற்குழுப் பட்டியல், தணிக்கை செய்யப்பட்ட கணக்கு, வங்கி அறிக்கை. 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவகமான ஆர்.ஓ.எஸ்.சுக்கு ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். இதைத் தவறவிட்ட சங்கங்கள் ஏராளம். தலைவர் பதவிக்கு இரண்டு அணி மோதி, ஆளுக்கொரு பொதுக்கூட்டம் நடத்தி, பதிவே கேள்விக்குள்ளான சங்கங்களின் கதை கிள்ளான் முதல் பிரிக்பீல்ட்ஸ் வரை எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட சங்கத்தின் விண்ணப்பத்தில் என்ன எழுதியிருந்தாலும் யாரும் படிக்கப்போவதில்லை.

நிறுவனங்களிடம் நன்கொடை கேட்பவர்களுக்கு இன்னொரு தாள் உதவும். 1967 வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுக்கும் ரொக்க நன்கொடையை, கொடுப்பவர் தம் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இந்த அங்கீகாரம் எளிதில் கிடைப்பதல்ல. கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும். கிடைத்தால் நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கே உங்களை வரவேற்க ஒரு காரணம் பிறக்கும். தனக்கு இந்த அங்கீகாரம் இல்லாத சின்ன இயக்கம், அங்கீகாரம் உள்ள பெரிய அறவாரியத்தோடு முறையான உடன்படிக்கை செய்துகொண்டு அதன் வழியாகப் பணம் பெறலாம். நம் ஆட்கள் இதைச் செய்யத் தயங்குவது கௌரவப் பிரச்சினையால்தான்.

பிரச்சினையைச் சொல்லும் விதம்

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கம்போங் மேடான் வட்டாரத்திலுள்ள தேசா மெந்தாரி அடுக்குமாடியில் இடைநிலைப் பள்ளி மாணவர்களுக்கு மாலை வகுப்பு நடத்த ஓர் இயக்கம் 50,000 ரிங்கிட் கேட்கிறது. வழக்கமான விண்ணப்பம் இப்படித் தொடங்கும்: இந்திய மாணவர்கள் கல்வியில் பின்தங்கியுள்ளனர், குண்டர் கும்பல் கலாசாரம் பரவுகிறது, பெற்றோர்க்கு அக்கறை இல்லை, உடனடி நடவடிக்கை தேவை. மதிப்பீட்டாளர் அன்று காலையிலேயே இதே பத்தியைப் பல கோப்புகளில் படித்திருப்பார். இந்தப் பத்தி சிரம்பானுக்கும் பொருந்தும், சுங்கை சிப்புட்டுக்கும் பொருந்தும். ஆகவே தேசா மெந்தாரியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது இப்படி எழுதிப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். இந்த மூன்று புளோக்குகளில் வீடு வீடாகப் போய்க் கேட்டதில் 13 முதல் 15 வயதுவரை 41 பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள் 29 பேர். அவர்களில் 11 பேர் மலாய்மொழி போதாததால் முதல் படிவத்துக்கு முன் ஓராண்டு பெராலிஹான் வகுப்பில் இருந்தவர்கள். கடந்த மூன்று மாதத்தில் பத்து நாளுக்கு மேல் பள்ளிக்குப் போகாதவர்கள் 9 பேர். அவர்களில் 6 பேர் இந்தப் பதினொருவருக்குள் அடங்குகிறார்கள். ஆகவே எங்கள் வகுப்பு எல்லாப் பாடத்துக்கும் அல்ல, மலாய் வாசிப்புக்கும் எழுத்துக்கும் மட்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்ல, முதலில் இந்த 11 பேருக்கு.

இரண்டாவது விண்ணப்பத்தில் தொகைகூடக் குறைந்திருக்கும். ஆனால் படிப்பவருக்கு மூன்று விஷயங்கள் சொல்லாமலே விளங்கும். இவர்கள் அந்த வீடுகளுக்குள் போயிருக்கிறார்கள். காரணம் எது, விளைவு எது என்று யோசித்திருக்கிறார்கள். செய்ய முடியாததைச் செய்வதாகச் சொல்லவில்லை. குண்டர் கும்பலை ஒழிப்போம் என்று எழுதிய இயக்கத்தைவிட, ஆறு பிள்ளைகளை மறுபடி பள்ளிக்கு அனுப்புவோம் என்று எழுதிய இயக்கத்திடம் பணத்தைக் கொடுக்க எவருக்கும் மனம் வரும்.

இதில் இங்கிலீஷ் புலமைக்கு வேலை எங்கே? நான்கு தன்னார்வலர்கள், இரண்டு சனிக்கிழமை, ஒரு நோட்டுப் புத்தகம். கல்யாண வீட்டு மொய்ப் புத்தகத்தில் யார் எவ்வளவு எழுதினார் என்பதைத் தலைமுறை தாண்டியும் பாதுகாக்கிறவர்கள் நாம். ஆனால் வகுப்புக்கு வந்த பிள்ளையின் பெயரை ஒரு மாதத்துக்கு மேல் எழுதி வைப்பதில்லை.

அளவுகோலைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பெல்லாம் டியூஷன் நடத்தும் இயக்கங்கள் ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர்., மூன்றாம் படிவ பி.டி.3 தேர்வு முடிவுகளைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்ளும். யு.பி.எஸ்.ஆர். 2021இல் ரத்தானது, பி.டி.3 தேர்வு 2022இல். அந்த அளவுகோல்கள் போனபின் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். வரை பொதுத் தேர்வு என்று காட்ட ஒன்றும் இல்லாத நிலையை இயக்கங்கள் சந்தித்தன. பள்ளி மதிப்பீடுகள் பள்ளிக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே இயக்கமே தொடக்கத்தில் ஒரு வாசிப்புச் சோதனை வைத்து, அதே சோதனையை ஆறு மாதம் கழித்தும் வைத்துப் பதிந்தால்தான் முன்னேற்றம் என்று ஒன்றைக் காட்ட முடியும். தொடக்க நிலையைப் பதியாத திட்டம், முடிவில் எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும் அதை நிரூபிக்க வழியில்லை.

பல நிறுவனங்களின் படிவத்தில் கட்டம் கட்டமாக ஒரு பட்டியல் இருக்கும்: உள்ளீடு, செயல்பாடு, வெளியீடு, விளைவு. இந்தக் கட்டமைப்பு 1969இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமாக இருந்த யுஎஸ்எய்டுக்காக உருவாக்கப்பட்டது. அங்கிருந்து உலகெங்கும் பரவியது. அதன் மீது விமர்சனம் நிறைய உண்டு. மனித வாழ்க்கை கட்டத்துக்குள் அடங்குவதில்லை என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அது கேட்கும் ஒரு கேள்வி நமக்கு மருந்து. 200 பேர் கலந்துகொண்டார்கள், 200 டி-சட்டை வழங்கப்பட்டது, ஒய்.பி. திறந்துவைத்தார் என்பதெல்லாம் வெளியீடு. வந்துபோன 200 பேரில் யாருக்கு என்ன மாறியது என்பது விளைவு. நம் ஆண்டறிக்கைகளில் முதலாவது பக்கம் பக்கமாக இருக்கிறது. இரண்டாவதைத் தேடினால் ஒரு வரி கிடைப்பது கஷ்டம்.

வரவு செலவுப் பட்டியலைத்தான் அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் முதலில் புரட்டுவார். திட்டத்தின் உண்மையான நோக்கம் அங்கேதான் தெரியும். மாலை வகுப்புக்கான பட்டியலில் திறப்பு விழாப் பந்தலும் வி.ஐ.பி. சாப்பாடும் ஆசிரியர் ஊதியத்தைவிடப் பெரிதாக இருந்தால் அதற்குமேல் படிக்க வேண்டியதில்லை. 'இதர செலவுகள்' என்று ஒரு முழுத்தொகை இருந்தாலும் அதே கதிதான். ஆசிரியர் இத்தனை பேர், வாரம் இத்தனை மணி, மணிக்கு இவ்வளவு, இத்தனை வாரம் என்று பெருக்கிக் காட்டிய பட்டியல் சிறியதாக இருந்தாலும் நம்பிக்கை தரும். நாம் இலவசமாகக் கொடுப்பதையும் எழுத வேண்டும். கோயில் மண்டபத்தை வாடகையின்றிப் பெற்றால் அதன் சந்தை வாடகை, தன்னார்வலரின் மணிக்கணக்கு, எல்லாம் நம் பங்களிப்பு. மேலே சொன்ன சிறு மானியத் திட்டம் போன்றவை பங்களிப்பைப் பணமாக மட்டுமன்றி உழைப்பாகவும் பொருளாகவும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. சேவை என்று நினைத்து அதை எழுதாமல் விடுவது தன்னடக்கமாக இருக்கலாம். கோப்பில் அது பூஜ்யம்.

மொழிச் சிக்கலைத் தட்டிக்கழிக்க முடியாது. வேலை தமிழில் நடக்கிறது, அமைச்சுக்கு மலாயிலும் அறவாரியத்துக்கு ஆங்கிலத்திலும் எழுத வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியில்தான் 'நான் எழுதித் தருகிறேன், கிடைத்தால் இத்தனை விழுக்காடு' என்று வரும் தரகர்கள் பிழைக்கிறார்கள். நிதி திரட்டுவோரின் சர்வதேசத் தொழில்நெறிகள் இந்த விழுக்காட்டுக் கூலியைத் தடை செய்கின்றன. காரணம் வெளிப்படை: பெருந்தொகை கேட்பதில்தான் தரகருக்கு லாபம், அதைச் செய்து முடிக்கும் பொறுப்பு அவருக்கு இல்லை. முதல் வரைவைத் தமிழிலேயே, வகுப்பை நடத்துகிறவரே எழுத வேண்டும். மலாய், ஆங்கில ஆசிரியர்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை; மொழிபெயர்ப்பை அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஆய்வாளர் பக்கம்

பல்கலைக்கழக ஆய்வாளரின் உலகம் வேறு. உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு மானியமான எஃப்.ஆர்.ஜி.எஸ். மலேசியாவில் பலருக்கும் முதல் படி. ஆய்வுச் சிக்கல், கருதுகோள், நோக்கம், முறையியல், கால அட்டவணை என்று படிவம் திட்டவட்டமானது. முடிவில் எத்தனை முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்கள் உருவாவார்கள், எத்தனை கட்டுரைகள் தரவரிசை இதழ்களில் வரும் என்றும் கேட்கும். செலவுகூட எண்ணிட்ட தலைப்புகளில்: 11000 ஊதியம், 21000 பயணம், 24000 வாடகை, 27000 ஆய்வுப் பொருள்கள், 28000 பராமரிப்பு, 29000 தொழில்முறைச் சேவை, 35000 கருவிகள்.

இந்த எண்களுக்குள் கம்போங் மேடானுக்கு ஓர் இடம் இருக்கிறது. பெரும்பாலோர் அதைப் பயன்படுத்துவதில்லை. அந்த வட்டாரத்து மக்கள் கேள்வித்தாள் நிரப்பி அலுத்தவர்கள். ஆய்வாளர் வருகிறார், கேட்கிறார், போகிறார், கட்டுரை எங்கோ ஓர் ஆங்கில இதழில் வருகிறது. அங்கேயே வளர்ந்த இளைஞர்களைப் பயிற்சி கொடுத்துக் கணக்கெடுப்பாளராக்கி அவர்களுக்கு ஊதியம் எழுதலாம். உள்ளூர் இயக்கத்தின் சேவைக்கு 29000இல் இடம் தேடலாம். முடிவுகளைத் தமிழிலும் மலாயிலும் அந்த மக்களிடமே சொல்லும் ஒரு கூட்டத்தைக் கால அட்டவணையில் சேர்க்கலாம். இது தர்மத்துக்காக மட்டும் சொல்வதல்ல. கதவைத் தட்டினால் திறப்பார்களா என்பது களஆய்வின் அடிப்படைக் கேள்வி. அதற்கு விடை வைத்திருக்கும் விண்ணப்பம் முறையியலில் வலுவானது. கூடவே இயக்கத்துக்கு அதன் அடுத்த விண்ணப்பத்தில் சேர்க்க நம்பகமான தரவும் கிடைக்கும்.

அதிர்ஷ்டம் எவ்வளவு

இத்தனையும் செய்தால் மானியம் நிச்சயமா? இல்லை. இதை மானியப் பயிலரங்கு நடத்துகிறவர்கள் சொல்லமாட்டார்கள். ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆய்வு மன்றத்துக்கு 2012இல் வந்த 3,727 விண்ணப்பங்களை ஆராய்ந்தவர்கள், அவற்றை எழுத ஆய்வாளர்கள் செலவிட்ட காலத்தைக் கூட்டினால் சுமார் 550 ஆண்டு உழைப்பு என்று கணக்கிட்டார்கள். ஐந்தில் ஒன்றுக்குத்தான் பணம் கிடைத்தது. அமெரிக்காவில் 2018இல் வெளியான இன்னோர் ஆய்வு, ஒரே மாதிரித் தரமான 25 மருத்துவ ஆய்வு விண்ணப்பங்களை 43 மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்துப் பார்த்தது. அவர்கள் கொடுத்த மதிப்பெண்களுக்குள் ஒற்றுமை ஏறக்குறைய இல்லை. நல்லதையும் மோசமானதையும் பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு, நல்லதுக்குள் சிறந்ததைப் பிரிக்கத் தெரிவதில்லை. இதை ஒப்புக்கொண்டு நியூசிலாந்தின் சுகாதார ஆய்வு மன்றம் 2013இலேயே ஒரு வகை மானியத்துக்குக் குலுக்கலைக் கொண்டுவந்தது. சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் நிதியம் 2021 முதல், சமநிலையில் நிற்கும் விண்ணப்பங்களுக்குக் குலுக்கல் நடத்துகிறது.

ஆகவே ஒரு நிராகரிப்பு, திட்டம் மோசம் என்பதற்குச் சான்றல்ல. ஒரே மானியத்தை நம்பி ஆசிரியரை வேலைக்கு வைப்பதும், கிடைக்காதபோது 'நம்ம ஆளுக்குக் கொடுக்கமாட்டான்' என்று முடிவு கட்டுவதும் ஒரே அறியாமையின் இரண்டு முகங்கள். நல்ல கோப்பு உங்களை மேல்வரிசைக்குக் கொண்டுபோகும். அதற்கப்பால் எத்தனை முறை வரிசையில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பதிவேடு ஒழுங்காக இருந்தால் இரண்டாவது விண்ணப்பத்துக்கு முதலாவதன் கால்பங்கு உழைப்புகூடத் தேவைப்படாது.

பதிவேட்டின் பலத்துக்கு நம்மிடையே ஒரு சான்று இருக்கிறது. பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாத இந்தியர்கள் மூன்று லட்சம் பேர் என்று ஒரு காலத்தில் அரசியல் மேடைகளில் முழங்கினார்கள். அரசுத் தரப்பு வேறு எண்ணைச் சொன்னது. வாதம் எண்ணோடு நின்றது. டி.எச்.ஆர்.ஆர்.ஏ. மலேசியா என்ற பொது இயக்கம், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஆதரவோடு 2014 முதல் தீபகற்ப மலேசியாவில் நாடற்ற நிலையில் இருப்போரைத் தேடிப் பதிவு செய்தது. கிடைத்த பதிவுகள் 12,000க்கு மேல். மேடை எண்ணோடு ஒப்பிட்டால் சிறியது, பதியப்படாதவர்களும் இருக்கக்கூடும். ஆனால் ஒவ்வொரு பதிவுக்குப் பின்னும் ஒரு பெயர், ஒரு குடும்பம், எந்தத் தாள் இல்லை, எந்தக் கட்டத்தில் விண்ணப்பம் நிற்கிறது என்ற விவரம் இருந்தது. சமூகத்திலிருந்தே ஆட்களைத் தேர்ந்து சட்ட உதவிப் பயிற்சி கொடுத்து, கோப்பு கோப்பாக நகர்த்தினார்கள். பலருக்குக் குடியுரிமை கிடைத்தது. நாடற்றோர் பற்றிய ஐ.நா. அறிக்கைகளில் இந்தக் கணக்கு இடம்பெற்றது. மூன்று லட்சத்துக்கு யாரும் மானியம் தரவில்லை, 12,000க்குத் தந்தார்கள்.

கொடுப்பவர்கள் தரப்பிலும் குறை இருக்கிறது. அரசின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. விண்ணப்பம் அழைத்து, பரிசீலித்து, காசு கைக்கு வரும்போது ஆண்டின் பாதி போய்விட்டால், படிக்கத் தெரியாத பிள்ளையை நான்கு மாதத்தில் படிக்கவைத்து அறிக்கை கொடு என்பது கேலி. அப்படிப்பட்ட அவசரத்தில் செலவழிக்க எளிதானவை முகாமும் பந்தலும் டி-சட்டையும்தான். நிர்வாகச் செலவு என்று ஒரு காசும் தரமாட்டோம் என்பது இன்னொரு பிடிவாதம். கணக்கெழுத ஆள் வேண்டாமா? 2009இல் ஆன் காகின்ஸ் கிரெகரி, டான் ஹோவர்ட் என்ற இருவர் எழுதிய கட்டுரை இதைப் பட்டினிச் சுழல் என்று விவரித்தது: கொடுப்பவர் நிர்வாகச் செலவைக் குறைவாக எதிர்பார்க்க, வாங்குபவர் குறைத்துக் காட்ட, அதைப் பார்த்து எதிர்பார்ப்பு இன்னும் குறைய, கடைசியில் அமைப்பே மெலிந்துபோகிறது. இந்தியாவில் 2020 சட்டத் திருத்தம் வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆக்கியது. தமிழ்நாட்டின் சிறு தொண்டு நிறுவனங்கள் பல அதில் திணறின. தணிக்கைக் கணக்குக் கேட்கிறவர்கள் தணிக்கையாளர் கட்டணத்தையும் தர வேண்டும்.

மித்ரா போன்ற அமைப்புகள் ஆண்டுதோறும் யாருக்கு எவ்வளவு, எந்தத் திட்டத்துக்கு, விளைவு என்ன என்ற பட்டியலை எவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். நிராகரித்த விண்ணப்பங்களுக்கு இரண்டு வரிக் காரணமாவது எழுத வேண்டும். 2021க்குப் பிறகு படிந்த சந்தேகத்தைத் துடைக்க இதைவிட மலிவான வழி இல்லை.

வாசகரிடம் ஒரு வேண்டுகோள். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓய்வுபெற்ற தமிழ்க் கணக்காயர்கள், வங்கி அதிகாரிகள், தலைமையாசிரியர்கள், அரசு ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறீர்கள். உங்களுக்குக் கோப்பும் கணக்கும் மலாயும் ஆங்கிலமும் பழக்கம். மேடையில் மாலை வாங்கும் பதவி எதுவும் வேண்டாம். பக்கத்து அடுக்குமாடியில் வகுப்பு நடத்தும் ஓர் இயக்கத்தைத் தேர்ந்தெடுத்து, மாதம் இரண்டு மாலை அங்கே போய், வருகைப் பதிவேட்டையும் ரொக்கப் புத்தகத்தையும் திறந்து பாருங்கள். அவை இல்லையென்றால் நீங்களே ஒன்றைத் தொடங்கிக் கொடுங்கள்.